‘பெர்த்’ என்னும் கடற்சொல்: ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதியின் இணையப் பக்கம் குறித்து ஒரு மதிப்புரை

தூத்துக்குடியில் கப்பல் முகவர் அலுவலகங்களிலும் சரக்கு அனுப்பும் நிறுவனங்களிலும் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். சென்ற ஆண்டு என் மாணவி ஒருவர், ‘கப்பல் நாளை காலை 6 மணிக்குத் தளத்தில் அணையும்’ என்று வெளிநாட்டுக் கப்பல் உரிமையாளருக்கு எழுத வேண்டியிருந்தது. கப்பல் துறைமுகத்தில் தன் இடத்துக்கு வந்து நிற்பதைக் குறிக்கும் ‘பெர்த்’ (berth) என்னும் சொல்லில் ‘இ’ என்ற ஆங்கில எழுத்து வர வேண்டிய இடத்தில் ‘ஐ’ எழுத்தை இட்டு, கப்பல் நாளை காலை பிறக்கப்போகிறது என்று பொருள்படும்படி அனுப்பிவிட்டார். கைப்பேசியில் இருந்த மொழிபெயர்ப்புச் செயலி ஒன்றிடம் வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறார். அது ‘பிறப்பு’ என்று காட்டியிருக்கிறது. இரண்டு சொற்களுக்கும் ஒலிப்பு ஒன்றே ஆகையால் செயலியை முழுவதும் குறை சொல்ல முடியாது. இரண்டும் சரியான சொற்களே ஆகையால் எழுத்துப்பிழை திருத்தியும் கைகொடுக்கவில்லை. மேலதிகாரி அவரைக் கடிந்துகொண்டார் என்று கேட்டபோது எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. இந்தச் சொல்லை நான் வகுப்பில் முறையாகக் கற்பித்திருக்கவில்லை.

அதன்பின் இந்த ஒரு சொல்லை முழுமையாகக் கற்பிக்க எந்த அகராதியை மாணவர் கையில் கொடுக்கலாம் என்று தேடத் தொடங்கினேன். இறுதியில் நான் தேர்ந்தது ஆக்ஸ்போர்டு கற்போர் அகராதியின் இலவச இணையப் பதிப்பு. ஓராண்டாக அதன் ‘பெர்த்’ பக்கத்தை வகுப்பில் பயன்படுத்தி வந்த அனுபவத்தில், அது எங்கே உதவுகிறது, எங்கே மாணவரைப் பாதி வழியில் விட்டுவிடுகிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

இந்த அகராதி பிற மொழிக்காரர்களுக்காகவே பிறந்தது. ஏ. எஸ். ஹார்ன்பி என்னும் ஆங்கில ஆசிரியர் ஜப்பானில் கற்பித்துக்கொண்டிருந்தபோது இரண்டு நண்பர்களுடன் சேர்ந்து தொகுத்தது. 1942-இல் தோக்கியோவில் வெளிவந்தது. 1948-இல் ஆக்ஸ்போர்டு பதிப்பகம் அதை ஏற்று வெளியிட்டது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் எங்கே தடுமாறுவார் என்பதை வகுப்பறையில் கண்டு தெரிந்துகொண்டவர்கள் எழுதிய நூல் என்பது இன்றும் இதன் வரையறைகளில் தெரிகிறது. கடல் தொடர்பான சொல்லுக்கு இன்னொரு கடற்சொல்லைக் கொண்டு விளக்கம் சொல்லிக் கற்பவரைச் சுழலில் விடும் பழக்கம் இதில் இல்லை. தூங்கும் இடம், நிற்கும் இடம், கப்பல், ரயில், துறைமுகம் என்று பள்ளி முடித்தவருக்குத் தெரிந்த சொற்களாலேயே பொருள் சொல்கிறது.

முதலில் ஒலிப்பு. பக்கத்தின் மேலே பிரிட்டிஷ் ஒலிப்புக்கும் அமெரிக்க ஒலிப்புக்கும் தனித்தனியே ஒலிக்குறிகள் உள்ளன. நாம் தமிழில் ‘பெர்த்’ என்று குறிலாகவும் ரகரத்தை அழுத்தியும் சொல்கிறோம். பிரிட்டிஷ் ஒலிப்பிலோ உயிர் நீள்கிறது, ரகரம் கேட்பதே இல்லை; இறுதி மெய்யும் நம் தகரம் போல் அடைத்து ஒலிப்பதில்லை, நாக்கு நுனி மேற்பல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கக் காற்று கசிந்து வருகிறது. இதை எழுத்தால் விளக்க முயன்று நான் பலமுறை தோற்றிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் நான்கு முறை அழுத்திக் கேட்டால் மாணவருக்குத் தானே புரிந்துவிடுகிறது. பிறகு ‘பிறப்பு’ என்னும் பொருளுள்ள சொல்லின் பக்கத்தைத் திறந்து அதையும் கேட்கச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றே என்று காது சொன்ன பிறகுதான், எழுத்தில் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்பது மனத்தில் படிகிறது. பழங்காலத்தில் கடலோடிகளே இந்தச் சொல்லையும் ‘ஐ’ எழுத்திட்டு எழுதியதுண்டு என்பதை என் மாணவிக்குச் சொன்னேன். அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

அடுத்தது பொருள்கள். பெயர்ச்சொல்லாக இரண்டைத் தருகிறது: ஒன்று, கப்பலிலோ ரயிலிலோ படுத்துறங்கும் இடம், மற்றொன்று, துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும் இடம். ரயில் பொருளை முதலில் வைத்திருப்பது தமிழ் மாணவருக்கு மிக வசதியானது. லோயர் பெர்த், அப்பர் பெர்த், சைடு லோயர் என்ற சொற்களை இரவு ரயிலில் ஒருமுறையாவது பயணம் செய்த யாரும் அறிவர். பயணச்சீட்டில் பெயருக்கு எதிரே பெர்த் எண் வருகிறதா, ஆர்.ஏ.சி. என்று வருகிறதா என்று பார்த்துக் கவலைப்படாத குடும்பம் நம்மிடையே குறைவு. தெரிந்த சொல்லிலிருந்து தெரியாத பொருளுக்கு அழைத்துச் செல்வதுதான் கற்பிக்கும் முறை. அந்த வகையில் அகராதியின் வரிசை எனக்கு உடன்பாடே.

ஆனால் இந்த வரிசையிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. ‘பெர்த்’ என்றால் ரயில் படுக்கை என்று மனத்தில் பதிந்துவிட்ட மாணவர், துறைமுகத்தில் கப்பல் நிற்கும் இடத்தையும் ஏன் அதே சொல்லால் குறிக்கிறார்கள் என்று கேட்பார். கப்பல் அங்கே படுத்து ஓய்வெடுக்கிறது என்று ஒரு மாணவர் தாமாகவே காரணம் கற்பித்துக்கொண்டார். கற்பனை நயமானதுதான், ஆனால் உண்மை அதற்கு நேர் எதிரானது. கப்பலிலிருந்துதான் இந்தச் சொல் மனிதனின் படுக்கைக்கு வந்தது. அதற்கும் முன்னால் இன்னொரு பொருள் இருந்தது, மற்ற எல்லாவற்றையும் திறக்கும் சாவி அதுதான். அந்தச் சாவியை அகராதி பக்கத்தின் அடியில், ‘சொல் பிறப்பு’ என்ற தனிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறது. அதை விரித்துப் பார்ப்பவர் மிகச் சிலரே.

அந்தப் பெட்டி சொல்வது இதுதான்: 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தச் சொல்லுக்குப் போதிய கடல்வெளி என்று பொருள், திசை நோக்கிச் செல்லுதல் என்று கடலோடிகள் வழங்கிய ஒரு வினைச்சொல்லிலிருந்து இது தோன்றியிருக்கலாம். ‘பெர்த்’ என்பது முதலில் ஒரு மேடையும் அன்று, படுக்கையும் அன்று. கப்பலைச் சுற்றி விடப்பட வேண்டிய வெற்று நீர்ப்பரப்பு.

கடலில் ஒரு கப்பலுக்கு ஏன் இவ்வளவு வெளி வேண்டும் என்பதை மாணவருக்குப் புரியவைக்க நான் ஒரு கணக்குப் போடுவது வழக்கம். நங்கூரம் பாய்ச்சிய கப்பல் ஓரிடத்தில் அசையாமல் நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் திரும்பத் திரும்ப, நங்கூரத்தை நடுவாகக் கொண்டு அது வட்டமிடுகிறது. முளையில் கட்டிய மாடு கயிற்றின் நீளத்துக்குச் சுற்றி மேய்வதைப் போல. கப்பலின் நீளம் 180 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நங்கூரச் சங்கிலியை ‘ஷேக்கிள்’ என்னும் அளவால் அளப்பார்கள். ஒரு ஷேக்கிள் ஏறத்தாழ 27.5 மீட்டர். ஐந்து ஷேக்கிள் விட்டால் 137.5 மீட்டர். இரண்டையும் கூட்டினால் 300 மீட்டருக்கு மேல் ஆரம் வருகிறது. வட்டத்தின் குறுக்களவு 600 மீட்டரைத் தாண்டுகிறது. அந்த வட்டத்துக்குள் இன்னொரு கப்பலோ பாறையோ மணல்திட்டோ இருந்தால் மோதல் நேரும். ஒன்றன்மேல் ஒன்று இடிக்காமல் சுற்றிவர முடியாத இடத்தில் நங்கூரமிட்டு நின்றால், அதைக் கெட்ட பெர்த் என்று ஆங்கிலக் கடலோடிகள் பழித்தார்கள். எனவே ஒரு நல்ல மாலுமிக்குப் ‘பெர்த்’ என்பது உயிர் காக்கும் இடைவெளி.

இதைச் சொன்ன பிறகு மற்றப் பொருள்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கின்றன. கப்பல் பாதுகாப்பாக இருக்கப் போதிய வெளி. அதிலிருந்து, ஒரு கப்பலுக்கென்று துறைமுகத்தில் ஒதுக்கிய இடம். அதிலிருந்து, கப்பலுக்குள் ஒரு கடலோடிக்கென்று ஒதுக்கிய இடம், அவன் பெட்டியை வைத்து உண்டு உறங்கும் மூலை. அதிலிருந்து, கப்பலில் அவனுக்குக் கிடைத்த வேலை. பின்னர், இரவுப் பயணத்துக்கான பெட்டிகள் ரயிலில் வந்தபோது அங்கே ஒரு படுக்கை. ஒவ்வொரு நிலையிலும் மாறாமல் இருப்பது ‘ஒதுக்கிய இடம்’ என்னும் கருத்து. ஆர்.ஏ.சி. பயணிகள் இருவர் ஒரு சைடு லோயர் பெர்த்தில் உட்கார்ந்து பயணம் செய்யும்போதும், பகிர்ந்துகொள்ளப்படுவது ஒதுக்கிய இடமே. நான் இந்தப் பக்கத்தை வடிவமைப்பவனாக இருந்தால், சொல் பிறப்புப் பெட்டியில் உள்ள அந்த ஒரு வரியை மேலே கொண்டுவந்து முதல் பொருளுக்கு முன்னால் வைப்பேன்.

இந்தக் குறையின் விளைவு மரபுத்தொடரில் மிகத் தெளிவாகத் தெரிகிறது. ‘கிவ் எ வைட் பெர்த்’ என்னும் தொடரை அகராதி தனியே எடுத்துக்காட்டி, ஒருவரையோ ஒன்றையோ நெருங்காமல் விலகியிருத்தல் என்று சரியாகவே விளக்குகிறது. ஆனால் மேலே உள்ள இரண்டு பொருள்களை மட்டும் படித்த மாணவருக்கு, ஒருவருக்கு அகலமான படுக்கை கொடுப்பது எப்படி அவரைத் தவிர்ப்பதாகும் என்பது விளங்காது. உபசரிப்பது என்றே நினைக்கத் தோன்றும். என் வகுப்பில் மூவர் அப்படித்தான் எழுதினர். கடல்வெளி என்னும் மூலப்பொருள் தெரிந்தவருக்கோ விளக்கமே தேவையில்லை: பாறையைக் கண்ட கப்பல் அதற்கு நிறைய வெளி விட்டு விலகிப் போகிறது, அவ்வளவுதான். ‘துஷ்டனைக் கண்டால் தூர விலகு’ என்று நம் பழமொழி சொல்வதும் ஏறக்குறைய இதே. ஒரு வேறுபாட்டை மட்டும் மாணவர் மனத்தில் கொள்ள வேண்டும்: ஆங்கிலத் தொடரில் எதிரில் இருப்பது தீயதாக இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. சாலையில் மிதிவண்டியில் செல்லும் சிறுவனுக்கு வாகன ஓட்டி இடம் விட்டுச் செல்வதற்கும் இதைச் சொல்லலாம்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அகராதி இதை மரபுத்தொடர் என்ற தலைப்பில் வைப்பதால், இது இன்று உருவகமாக மட்டுமே வாழ்கிறது என்ற எண்ணம் ஏற்படும். கடலில் இன்றும் இது நேர்ப்பொருளில் நாள்தோறும் வழங்குகிறது. கடலடியில் கேபிள் பதிக்கும் கப்பலோ எண்ணெய் வளம் தேடும் ஆய்வுக் கப்பலோ ஓரிடத்தில் வேலை செய்யும்போது, மற்றக் கப்பல்களுக்கு விடுக்கும் கடல்வழி எச்சரிக்கையில் ‘வைட் பெர்த் ரிக்வெஸ்டட்’ என்று முடிப்பார்கள்; பல வேளைகளில் எத்தனை கடல்மைல் என்பதையும் சேர்ப்பார்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்றுக்கொண்ட நிலையான கடல்சார் சொற்றொடர்த் தொகுப்பின் சொற்பட்டியலும், கப்பலையோ பாறையையோ சுற்றிப் பாதுகாப்புக்காக விட வேண்டிய கடல்வெளி என்பதைப் ‘பெர்த்’ என்னும் சொல்லின் பொருளாகத் தருகிறது. கப்பலில் வேலைக்குச் செல்லும் மாணவர் இதைப் படுக்கை என்றோ ஒதுங்கிப்போ என்னும் பொதுவான அறிவுரை என்றோ எடுத்துக்கொண்டால், அது தேர்வில் இழக்கும் மதிப்பெண்ணோடு முடிகிற பிழை அன்று.

துறைமுகப் பொருளுக்கு வருகிறேன். இங்கே வரையறை சரியானது, ஆனால் போதாது. கப்பல் நிற்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் பல சொற்கள் உண்டு. கற்பவருக்குத் தேவை அவற்றுக்கிடையிலான வேறுபாடு. ‘கீ’ என்று ஒலிக்கும் சொல்லும் ‘வார்ஃப்’ என்பதும் கரையோரம் கட்டிய மேடையைக் குறிக்கும். ‘ஜெட்டி’ பெரும்பாலும் கரையிலிருந்து நீருக்குள் நீட்டிக் கட்டியது. பிரிட்டிஷ் வழக்கில் ‘டாக்’ என்பது கரைகளால் சூழப்பட்ட நீர்ப்பரப்பு, அமெரிக்கர் வாயிலோ அது மேடையையே குறித்துவிடும். ‘பெர்த்’ இவற்றில் எந்தக் கட்டுமானத்தின் பெயரும் அன்று. ஒரு கப்பல் அணைந்து நிற்பதற்கு என்று குறித்த நீளம் அது. நீண்ட மேடை ஒன்றிலேயே வரிசையாக மூன்று நான்கு பெர்த்துகள் இருக்கலாம். சென்னைத் துறைமுகத்தின் பெயர்களே இதற்கு நல்ல பாடம்: ஜவஹர் டாக், பாரதி டாக் என்பன நீர்ப்பரப்புகள், அவற்றின் ஓரங்களில் எண்ணிட்டவை பெர்த்துகள். எங்கள் தூத்துக்குடியிலோ ‘நார்த் கார்கோ பெர்த்’ என்றும் ‘கோல் ஜெட்டி’ என்றும் இரண்டு சொற்களும் அருகருகே வழங்குகின்றன. கோல் ஜெட்டி என்பது கட்டுமானத்தால் பெற்ற பெயர், கார்கோ பெர்த் என்பது கப்பலுக்கு ஒதுக்கிய இடத்தால் பெற்ற பெயர் என்று சொன்னால் மாணவர் மறப்பதில்லை.

வினைச்சொல்லாகவும் அகராதி இதைத் தருகிறது. கப்பல் தானே அணைவதற்கும், கப்பலை ஒருவர் அணைப்பதற்கும் ஒரே வினை என்பதைச் சரியாகக் காட்டுகிறது. தமிழில் ‘அணைந்தது’, ‘அணைத்தார்’ என்று தன்வினை பிறவினை வேறுபாடு சொல்லின் வடிவிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் தெரியாது என்பதால் நம் மாணவர் தேவையில்லாமல் செயப்பாட்டுவினையாக எழுதுகிறார்கள். இந்த இடத்தில் அகராதியின் இலக்கணக் குறிப்பு உண்மையிலேயே பயன் தருகிறது. ஆனால் கப்பல் அலுவலகத்தில் ஒரு நாளைக்கு நூறு முறை காதில் விழும் ‘இ.டி.பி.’ என்னும் சுருக்கம், அதாவது தளத்தில் அணையும் உத்தேச நேரம், ஒரு பொது அகராதியின் பக்கத்தில் கிடைக்காது. வெளி நங்கூர இடத்துக்குக் கப்பல் வந்து சேரும் நேரமும் தளத்தில் அணையும் நேரமும் வேறு வேறு என்பதை, இந்தச் சொல்லைக் கற்பிக்கும் எவரும் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டுக்கும் இடையே சில நாள்கள்கூட ஆகலாம்.

அந்த இடைவெளிக்குப் பணம் உண்டு. காத்திருக்கும் நாள்களின் செலவு யாருடையது என்பதைக் கப்பல் வாடகை ஒப்பந்தத்தில் ‘பெர்த்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்’ காத்திருக்கும் நேரம் கணக்கில் சேரும் என்று பொருள்படும் ஒரு வாசகம் முடிவு செய்கிறது. ஹூஸ்டன் துறைமுகத்துக்கு வந்த ‘கிசிகோஸ்’ என்னும் கப்பல் தொடர்பான வழக்கில், பெர்த் காலியாகவே இருந்தது, பனிமூட்டத்தால்தான் கப்பல் அங்கே செல்ல முடியவில்லை. அந்த வாசகம் பெர்த் காலியாக இல்லாத நிலைக்கு மட்டுமே பொருந்தும், காலியாக இருந்தும் மூடுபனியால் சேர முடியாத நிலைக்குப் பொருந்தாது என்று பிரிட்டனின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது. ஒரு கற்போர் அகராதி இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்தச் சிறு சொல்லின் எல்லை எதுவரை என்பது அந்நாட்டின் அன்றைய உச்ச நீதி அவை வரை சென்ற கேள்வி என்று தெரிந்தால், மாணவர் அதை இன்னும் கவனமாகக் கையாள்வார் என்பதற்காகச் சொல்கிறேன்.

எஞ்சியிருப்பது பதவி என்னும் பொருள். நம் ஆங்கில நாளிதழ்களில் ‘கேபினட் பெர்த்’ என்றால் அமைச்சரவையில் இடம்; விளையாட்டுப் பக்கத்தில் ‘செமிஃபைனல் பெர்த்’ என்றால் அரையிறுதியில் இடம். செய்தித்தாள் படிக்கும் மாணவர் அடிக்கடி காணும் பொருள்கள் இவை. இவற்றுக்கு நான் மாணவர்களை மெரியம்-வெப்ஸ்டரின் இணைய அகராதிக்கு அனுப்புகிறேன். அங்கே வேலை, பதவி என்னும் பொருள் தெளிவாக இருக்கிறது. பொருள்களை வரலாற்று முறையில் வரிசைப்படுத்தும் அகராதி அது. ஆகவே கப்பல் திரும்பி அசையப் போதிய இடைவெளி என்பதே அங்கே முதல் பொருளாக நிற்கிறது. ஆனால் அதன் வரையறைகள் தாய்மொழியாளருக்காக எழுதப்பட்டவை. அதை மட்டும் முதலில் கொடுத்தால் தொடக்கநிலை மாணவர் சோர்ந்துபோவார். இதையும் நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

ஆகவே பத்தாம் வகுப்பு அளவில் ஆங்கிலம் படிப்பவருக்கும், ரயில் நிலையத்திலும் பயணத்திலும் சொல்லைப் பயன்படுத்துபவருக்கும் ஆக்ஸ்போர்டு பக்கம் ஒன்றே போதும், தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கட்டணம் இல்லை, கைப்பேசியிலும் பக்கம் ஒழுங்காகத் திறக்கிறது. துறைமுக அலுவலகத்தில் வேலை செய்பவரும் கப்பலேறப் போகிறவரும் அதை அடியிலிருந்து மேலாகப் படிக்க வேண்டும்: முதலில் சொல் பிறப்புப் பெட்டி, பிறகு மரபுத்தொடர், அதன்பின் துறைமுகப் பொருள், கடைசியாகப் படுக்கை. என் வகுப்பில் இப்போது அந்த முறையில்தான் படிக்கிறோம். அந்த மாணவி இந்த மாதம் புதிதாகச் சேர்ந்த இருவருக்கு, கரும்பலகையில் நங்கூரத்தையும் அதைச் சுற்றி ஒரு வட்டத்தையும் வரைந்து, இந்தச் சொல்லைத் தாமே கற்பித்தார்.